வெப்சைட் வீடு மாறுகிறது... புது சர்வரில் பால் காய்ச்சும் முன் என்னென்ன கவனிக்கணும்?

2019-ம் ஆண்டு மார்ச் மாதம், மைஸ்பேஸ் தளத்தில் ஒரு சின்ன அறிவிப்பு வெளியானது. ஃபேஸ்புக் வருவதற்கு முன்பு உலகம் முழுக்க இளைஞர்கள் குடியிருந்த தளம் அது. சர்வர் மாற்றும் வேலையின்போது, மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஏற்றப்பட்ட படங்கள், வீடியோக்கள், பாடல்கள் இனி கிடைக்காமல் போகலாம் என்பதுதான் அறிவிப்பின் சாரம். 2003 முதல் 2015 வரை சேர்ந்த 5 கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள், சுமார் 1.4 கோடி கலைஞர்களின் உழைப்பு, ஒரு 'ஷிஃப்டிங்'கில் காணாமல் போயிருந்தது. ஓர் ஆய்வுக்காக யாரோ முன்பே நகலெடுத்து வைத்திருந்ததால் 4,90,000 பாடல்கள் மட்டும் பிற்பாடு இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்துக்கு வந்து சேர்ந்தன. மற்றவை போனது போனதுதான்.

அத்தனை பெரிய கம்பெனிக்கே இந்த நிலைமை என்றால், சென்னிமலை போர்வையையும் துண்டையும் ஆன்லைனில் விற்கும் ஒரு சின்னக் குடும்பக் கடையின் கதி? அப்படி ஒரு கடை இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். பத்து வருடமாக ஒரே ஹோஸ்டிங் கம்பெனி. முதல் வருடம் சலுகை விலை, புதுப்பிக்கும்போது மூன்று மடங்கு பில். தீபாவளி சமயத்தில் தளம் திறக்கவே ஒரு நிமிடம் ஆகிறது. போன் செய்தால் 'டிக்கெட் போடுங்கள்' என்கிறார்கள். வீட்டுக்காரர் தொல்லை தாங்காமல் வாடகை வீட்டை மாற்றுவதுபோல, கடைக்காரரும் ஹோஸ்ட்டை மாற்ற முடிவெடுக்கிறார். சொந்தமாக ஒரு விபிஎஸ், அதாவது ஒரு பெரிய சர்வரில் தனக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரு பகுதியை வாடகைக்கு எடுக்கிறார். பணம் கட்டிய ஐந்தாவது நிமிடத்தில் மெயில் வருகிறது. அதில் ஓர் ஐ.பி. முகவரியும் பாஸ்வேர்டும் மட்டும்தான் இருக்கின்றன.

உள்ளே போனால் ஒரு கறுப்புத் திரை. வெள்ளை எழுத்தில் ஒரு வரி. மெயில் பாக்ஸ் எங்கே, ஃபைல் மேனேஜர் எங்கே? எதுவும் இல்லை. பழைய வீட்டில் ஃபேன், லைட், கப்போர்டு எல்லாம் வீட்டுக்காரரே போட்டு வைத்திருந்தார். புது வீட்டில் நான்கு சுவரும் ஒரு மெயின் ஸ்விட்சும்தான். மற்றதையெல்லாம் குடிவருபவரே மாட்டிக்கொள்ள வேண்டும். அப்படி மாட்டும் மொத்த செட்டுக்குப் பெயர்தான் கன்ட்ரோல் பேனல்.

(மறுபடியும் ஷேர்டு ஹோஸ்டிங்தான் வாங்குகிறீர்கள் என்றால் பேனல் ஏற்கெனவே இருக்கும்; பழைய இடத்திலிருந்து ஃபுல் பேக்கப் எடுத்து, புது கம்பெனிக்காரர்களிடம் கொடுத்தால் பெரும்பாலும் அவர்களே ஏற்றிக் கொடுப்பார்கள். ஆனாலும் மெயில், டிஎன்எஸ் பற்றி கீழே வரும் பகுதிகளைப் படித்துவிடுங்கள். தடுக்கி விழும் இடம் எல்லோருக்கும் அதுதான்.)

எந்த பேனல்?

அதிகம் பேருக்குத் தெரிந்த பெயர் சிபேனல். 1996-ல் அமெரிக்காவில் பிறந்தது. நிக் கோஸ்டன் என்ற இளைஞர் எழுதிய புரோகிராம் அது. ஹோஸ்டிங் உலகத்தில் பாதிப் பேர் 'வெப்சைட் நிர்வாகம்' என்றாலே சிபேனல் என்றுதான் நினைப்பார்கள். ரொம்ப காலம் ஒரு சர்வருக்கு ஒரு கட்டணம், அதில் எத்தனை கணக்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. 2018-ல் கம்பெனி கைமாறியது. அடுத்த ஆண்டே, கணக்கு எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் என்று அறிவித்தார்கள். சின்ன ஹோஸ்டிங் கம்பெனிகள் கொதித்துப் போயின. அதன் பிறகுதான் டைரக்ட்அட்மின் மாதிரி விலை குறைந்தவற்றையும், ஹெஸ்டியா, வெப்மின், சைபர்பேனல் மாதிரி இலவசமானவற்றையும் பலர் திரும்பிப் பார்த்தார்கள்.

இலவசம் என்றதும் கை பரபரக்கும்தான். பேனல் என்பது சர்வரின் மொத்த சாவிக்கொத்து என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. 1997 முதல் இருந்துவரும் வெப்மினில், 2019 ஆகஸ்ட்டில் ஒரு திருட்டுக் கதவு கண்டுபிடிக்கப்பட்டது. புரோகிராமைத் தயாரிக்கும் கம்ப்யூட்டருக்குள்ளேயே யாரோ புகுந்து, சில வரிகளைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். ஓராண்டுக்கும் மேலாக யார் கண்ணிலும் படவில்லை. 2024 அக்டோபரில் சைபர்பேனலில் ஓர் ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தபோது, இணையத்தில் திறந்து கிடந்த சுமார் 22,000 சர்வர்கள் ஆபத்தில் சிக்கின. பலவற்றில் ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டார்கள். இரண்டு பேனல்களும் ஓட்டையை அடைத்துவிட்டன. காசு கொடுத்து வாங்கும் பேனலிலும் ஓட்டை வரத்தான் செய்யும். அப்டேட் வந்த அன்றே போடுவதற்கு ஆள் இருக்கிறதா என்பதுதான் இங்கே கேள்வி. கடைக்குத் தானே ஐ.டி. டிபார்ட்மென்ட் என்று இருப்பவர், தானியங்கி அப்டேட் உள்ள பேனலைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பழைய ஹோஸ்ட்டில் என்ன பேனல் இருந்தது என்பதும் முக்கியம். சிபேனலில் இருந்து சிபேனலுக்கு மாறுவது, பீரோவைத் துணியோடு அப்படியே தூக்கி லாரியில் ஏற்றுவது மாதிரி. மெயில், டேட்டாபேஸ், பாஸ்வேர்டு எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். வேறு பேனலுக்குப் போனால், ஒவ்வொரு துணியையும் மடித்து வேறு பெட்டியில் அடுக்க வேண்டும். மாதம் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க நினைத்து, மூன்று ராத்திரி தூக்கத்தைத் தொலைப்பவர்கள் உண்டு.

தரை ஈரமாக இருக்கும்போது கோலம் போடாதீர்கள்!

பேனலுக்குக் கீழே ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டும். சர்வர் உலகில் அது லினக்ஸ். நீண்ட காலம் 'கண்ணை மூடிக்கொண்டு சென்ட்ஓஎஸ் போடு' என்பார்கள். 2020 டிசம்பரில், அதை நடத்திவந்த ரெட் ஹேட் கம்பெனி ஒரு குண்டைப் போட்டது. 2029 வரை பராமரிக்கப்படும் என்று நம்பியிருந்த சென்ட்ஓஎஸ் 8, 2021 டிசம்பரோடு முடிந்துவிடும் என்றார்கள். அந்த இடத்தை நிரப்ப அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் இரண்டும் 2021-ல் வந்தன. சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெகரி கர்ட்ஸர்தான் ராக்கியை ஆரம்பித்தார். மறைந்துபோன தன் பழைய சகா ராக்கி மெக்காவின் நினைவாக வைத்த பெயர் அது. சென்ட்ஓஎஸ் 7-க்கும் 2024 ஜூன் 30-ம் தேதியோடு ஆதரவு நின்றுவிட்டது. பல கடைகள் இப்போது அவசர அவசரமாக வீடு மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேனல் போடும்போது பலர் செய்யும் ஒரு காரியம்: முதலில் லினக்ஸில் தாங்களாகவே வெப் சர்வர், டேட்டாபேஸ் எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள்; சரியாக வரவில்லை என்றதும், 'பேனலே போட்டுவிடலாம்' என்று அதன் மேலேயே ஏற்றுவார்கள். கூடவே கூடாது. சிபேனலோ ஹெஸ்டியாவோ, எதுவாக இருந்தாலும் புத்தம் புதிதாக ஓ.எஸ். போட்ட, வேறு எதுவுமே இல்லாத சர்வரைத்தான் கேட்கும். தனக்கு வேண்டிய வெப் சர்வர், மெயில் சர்வர், டேட்டாபேஸ் எல்லாவற்றையும் அதுவே கொண்டுவந்து தன் இஷ்டப்படி வைக்கும். இன்னொரு விஷயம், சிபேனலுக்கு 'அன்-இன்ஸ்டால்' என்று ஒன்று கிடையாது. பிடிக்கவில்லை என்றால் சர்வரையே அழித்துவிட்டு, ஓ.எஸ்.ஸில் இருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். அதனால், எந்த ஓ.எஸ்.ஸின் எந்தப் பதிப்பை அந்த பேனல் ஆதரிக்கிறது என்று அதன் இணையதளத்தில் பார்த்துவிட்டு, அதையே ஹோஸ்ட்டின் பட்டியலில் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சர்வருக்குப் பெயர் வைப்பது. ஹோஸ்ட்நேம் என்பார்கள். கடையின் இணைய முகவரியையே சர்வருக்கும் பெயராக வைத்துவிடுகிறார்கள் பலர். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே பெயர் இருந்தால் கடிதம் யாருக்கு என்று தபால்காரர் முழிப்பாரே, அதே குழப்பம்தான் மெயிலில் வரும். கடை முகவரிக்கு முன்னால் 'சர்வர்1' என்று ஏதாவது ஒரு சொல்லைச் சேர்த்து, புள்ளி வைத்துத் தனிப் பெயராக வைத்துக்கொள்வதே வழக்கம். அந்தப் பெயர் புது ஐ.பி. முகவரியைக் காட்டும்படி டிஎன்எஸ்ஸிலும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

இன்ஸ்டால் செய்வது என்னவோ ஒரே ஒரு கட்டளைதான். பேனல் கம்பெனியின் தளத்திலேயே இருக்கும். அங்கிருந்து மட்டும் எடுங்கள், வேறு எங்கிருந்தும் காப்பி அடிக்காதீர்கள். அரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும். நடுவில் வீட்டில் கரன்ட் போய், வைஃபை அணைந்தால் என்ன ஆகும்? சர்வர் எங்கேயோ நன்றாகத்தான் இருக்கும். ஆனால், உங்கள் இணைப்போடு சேர்ந்து இன்ஸ்டாலேஷனும் பாதியில் நின்றுவிடும். இதற்காகவே லினக்ஸில் 'ஸ்க்ரீன்' என்ற சின்ன வசதி இருக்கிறது. அதற்குள் கட்டளையைக் கொடுத்துவிட்டால், இணைப்பு அறுந்தாலும் வேலை நடந்துகொண்டே இருக்கும். திரும்ப வந்து விட்ட இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்தது, 'வெற்றிகரமாக நிறுவப்பட்டது' என்றும் வந்துவிட்டது. பிரவுசரில் திறந்தால் பக்கம் வரவில்லை. பேனல் கெட்டுப்போய்விட்டதோ என்று மறுபடி முதலில் இருந்து தொடங்கும் முன், ஹோஸ்ட்டின் டாஷ்போர்டில் ஃபயர்வாலைப் பாருங்கள். சிபேனலின் நிர்வாகப் பக்கம் 2087 என்ற கதவு எண்ணில் திறக்கும், பிளெஸ்க் 8443-ல், வெப்மின் 10000-ல். கிளவுட் கம்பெனிகள் பல, இந்தக் கதவுகளைப் பூட்டியே தருகின்றன. அதைத் திறக்கும்போது உலகத்துக்கே திறக்காமல், கடையின் இணைப்புக்கு மட்டும் திறப்பது புத்திசாலித்தனம். உள்ளே போன கையோடு இரண்டு அடுக்குப் பாதுகாப்பையும் ஆன் செய்துவிடலாம்.

லைசென்ஸ் பற்றி ஒரு வரி. சிபேனல் லைசென்ஸ் சர்வரின் ஐ.பி. முகவரியோடு கட்டப்பட்டது. பழைய சர்வரும் புது சர்வரும் கொஞ்ச நாள் ஒன்றாக ஓடும் என்பதால், இரண்டுக்கும் லைசென்ஸ் தேவைப்படும். 15 நாள் இலவச டிரையல் இதற்குக் கைகொடுக்கும். அந்த 15 நாளை, சும்மா போட்டுப் பார்க்கும்போதே செலவழித்துவிடாதீர்கள்.

தமிழ் எல்லாம் கேள்விக்குறி ஆகிவிட்டதா?

சாமான் ஏற்றும் கட்டம். சிபேனலில் டிரான்ஸ்ஃபர் டூல் என்ற வசதியில் பழைய சர்வரின் முகவரி, பாஸ்வேர்டு கொடுத்தால் கணக்குகளை அதுவே இழுத்துக்கொள்ளும். மற்ற பேனல்களில் ஃபைல்கள் தனி, டேட்டாபேஸ் தனி. ஆங்கிலத் தளம் என்றால் இது பெரிய விஷயமில்லை. தமிழ்த் தளங்களுக்குத்தான் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது.

கம்ப்யூட்டரில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். யூனிகோடு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். ஆக 15 பைட். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் பல ஆண்டுகள், யாரும் எதுவும் சொல்லாவிட்டால் லத்தீன் எழுத்து என்றே எடுத்துக்கொண்டது. 2018-ல் வந்த 8.0 பதிப்பில்தான் யூனிகோடு இயல்பானது. அதனால் பழைய தமிழ்த் தளங்கள் பலவற்றில் ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. பெட்டியின் மேல் 'லத்தீன்' என்று லேபிள். உள்ளே இருப்பதோ தமிழ். எழுதும்போதும் படிக்கும்போதும் ஒரே மாதிரி தவறாக நடந்ததால், திரையில் தமிழ் சரியாகவே தெரிந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

புது சர்வர் அந்த லேபிளை நம்பும். லத்தீனை யூனிகோடாக மாற்றுகிறேன் பேர்வழி என்று ஏற்கெனவே சரியாக இருந்ததை இன்னொரு முறை மாற்றும். 'போர்வை' என்று இருந்த இடத்தில், தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளும் வட்டத்துக்குள் மாட்டிய குறிகளும் வரிசையாக வந்து நிற்கும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் இது பெரும்பாலும் சரி செய்யக்கூடியதே. பைட்டுகள் தப்பிவிட்டன, லேபிள்தான் தப்பு. பேக்கப் எடுக்கும்போதும் ஏற்றும்போதும் எழுத்து முறையைச் சரியாகக் குறிப்பிட்டு மறுபடி செய்தால் தமிழ் திரும்பி வரும்.

எழுத்துக்கு எழுத்து வெறும் கேள்விக்குறிகளாக வந்தால்தான் வயிற்றைக் கலக்கும். லத்தீனில் இல்லாத எழுத்தை லத்தீனாக மாற்றச் சொன்னபோது, டேட்டாபேஸ் கையை விரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறது. டேட்டாபேஸுக்குள்ளேயே அப்படி எழுதப்பட்டுவிட்டால், அசல் எழுத்து என்ன என்பது அங்கே இல்லை. பழைய சர்வரில் இருந்து திரும்ப எடுக்க வேண்டும். பழைய சர்வரை அதற்குள் ரத்து செய்திருந்தால்..?

அதனால், மாற்றிய பிறகு முகப்புப் பக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு பொருள் விவரம், ஒரு வாடிக்கையாளரின் தமிழ் முகவரி, தமிழில் பெயர் வைத்த ஒரு படம் ஆகியவற்றைத் திறந்து பாருங்கள். வேர்ட்பிரஸ் தளம் என்றால், பழைய பதிவின் பின்னூட்டம் ஒன்றையும்.

இன்னொரு சிக்கல் பிஎச்பி. பழைய சர்வரில் 5.6-ல் ஓடிக்கொண்டிருந்த தளம், புது சர்வரின் 8-ம் பதிப்பில் வெறும் வெள்ளைத் திரையைக் காட்டலாம். டேட்டாபேஸோடு பேசும் பழைய கட்டளைகளையே 7.0-ல் தூக்கிவிட்டார்கள். பேனலில் அந்தத் தளத்துக்கு மட்டும் பழைய பதிப்பை வைத்துத் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். 7.4-க்குக்கூட 2022 நவம்பரோடு பாதுகாப்பு அப்டேட் முடிந்துவிட்டது என்பதால், அது வீட்டுக் கதவைக் கயிறு கட்டி வைப்பது மாதிரிதான்.

முகவரி மாற்றும் ராத்திரி

புது வீடு தயார். உலகத்துக்கு முகவரி சொல்ல வேண்டும். அதுதான் டிஎன்எஸ். ஒவ்வொரு டிஎன்எஸ் வரிக்கும் டிடிஎல் என்று ஓர் ஆயுள் உண்டு. 86,400 என்று இருந்தால், அத்தனை விநாடிகள், அதாவது ஒரு நாள் முழுக்க இணைய நிறுவனங்கள் பழைய முகவரியையே ஞாபகம் வைத்திருக்கும். மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே இதை 300 ஆகக் குறைத்துவிட்டால், ஐந்து நிமிடத்தில் பெரும்பாலானோர் புது வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மாற்றும் அன்று குறைத்துப் பயனில்லை. பழைய ஞாபகம் போவதற்கே ஒரு நாள் ஆகுமே.

இடைப்பட்ட நேரத்தில் பாதி வாடிக்கையாளர்கள் பழைய கடைக்கும் மீதிப் பேர் புதுக் கடைக்கும் போவார்கள். பழைய கடையில் ஒருவர் பணம் கட்டி ஆர்டர் கொடுத்தால், புது டேட்டாபேஸில் அது இருக்காது. பணம் வந்திருக்கும், போர்வை போகாது. இதைத் தவிர்க்க, ராத்திரி வியாபாரம் அடங்கிய நேரத்தில் பழைய தளத்தில் 'பராமரிப்பு நடக்கிறது' என்று போர்டு மாட்டிவிட்டு, டேட்டாபேஸை மட்டும் கடைசியாக ஒருமுறை நகலெடுத்து, அதன் பிறகே டிஎன்எஸ்ஸை மாற்றுவார்கள் விவரம் தெரிந்தவர்கள்.

ஊருக்குச் சொல்லும் முன் புது வீட்டை நாம் மட்டும் போய்ப் பார்க்கவும் வழி உண்டு. எல்லா கம்ப்யூட்டரிலும் 'ஹோஸ்ட்ஸ்' என்ற சின்ன ஃபைல் இருக்கிறது. அதில் கடையின் முகவரிக்குப் பக்கத்தில் புது ஐ.பி.யை எழுதினால், அந்தக் கம்ப்யூட்டர் மட்டும் புது சர்வருக்குப் போகும். சோதித்து முடித்ததும் அந்த வரியை நீக்கிவிட வேண்டும். நீக்க மறந்தால், டிஎன்எஸ்ஸை மாற்றாமலேயே 'எனக்கு எல்லாம் சூப்பராகத் தெரிகிறதே' என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டிருப்பார். ஊரெல்லாம் பழைய கடையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

டொமைனைப் பதிவு செய்த இடம் வேறு, டிஎன்எஸ் இருக்கும் இடம் வேறாக இருக்கலாம். பலருக்கு டிஎன்எஸ் பழைய ஹோஸ்ட்டிடமே இருக்கும். கணக்கை மூடினால் அதுவும் போய்விடும். மூடும் முன் அதில் உள்ள ஒவ்வொரு வரியையும் படம் பிடித்தோ எழுதியோ வைத்துக்கொள்வது அவசியம். எப்போதோ கூகுளுக்காகச் சேர்த்த ஒரு புரியாத வரிகூட உங்கள் மெயிலை ஓட வைத்துக்கொண்டிருக்கலாம்.

வராத மெயில்கள் எங்கே போகின்றன?

தளம் நின்றுபோனால் பத்து நிமிடத்தில் யாராவது போன் செய்து சொல்லிவிடுவார்கள். மெயில் நின்றுபோனால் யாருக்கும் தெரியாது. வராத மெயிலைப் பற்றி யார் புகார் சொல்வார்கள்?

அடிக்கடி நடப்பது இது. கடையின் மெயில் கூகுளில் இருக்கிறது. தளம் மட்டும்தான் சர்வரில். புது பேனலில் கடையின் டொமைனைச் சேர்த்ததும், 'இந்த டொமைனின் மெயில் என் வீட்டில்தான்' என்று பேனல் நினைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து வரும் மெயில் வழக்கம்போல கூகுளுக்குப் போய்விடும். ஆனால், தளத்தில் உள்ள 'எங்களைத் தொடர்புகொள்ள' படிவத்தில் ஒருவர் 200 போர்வைக்கு விலை கேட்டு அனுப்பினால்? அந்த மெயில் கிளம்புவதே சர்வரிலிருந்து. 'நம்ம வீட்டு ஆளுக்குத்தானே' என்று வெளியே அனுப்பாமல், சர்வருக்குள்ளேயே யாரும் திறக்காத ஒரு பெட்டியில் போட்டுவிடும். பிழைச் செய்தி வராது. வாடிக்கையாளருக்கு 'நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறோம்' என்ற வரி வேறு தெரிந்திருக்கும். சிபேனலில் 'ஈமெயில் ரவுட்டிங்' என்ற இடத்தில் லோக்கல் என்பதை ரிமோட் என்று மாற்றினால் சரியாகிவிடும். ஒரு கிளிக் வேலைதான், ஆனால் அது தெரியாமல் வாரக்கணக்கில் விசாரணைகளை இழந்துகொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

இதன் இன்னொரு முகம் பழைய சர்வரில். அங்கே டொமைனை நீக்காமல் விட்டால், அதே சர்வரில் இருக்கும் மற்ற கடைக்காரர்கள் அனுப்பும் மெயில் எல்லாம் உங்கள் பழைய பெட்டியிலேயே விழும்.

மெயிலும் சர்வரிலேயே என்றால் வேலை இன்னும் கூடும். கிளவுட் கம்பெனிகள் பல, மெயில் வெளியே போகும் 25-ம் எண் கதவை ஸ்பேம் பயத்தில் அடைத்தே வைத்திருக்கின்றன. கேட்டுத் திறக்க வேண்டும், சிலர் திறக்கவே மாட்டார்கள். டிஎன்எஸ்ஸில் எஸ்பிஎஃப் என்ற வரியில் பழைய ஐ.பி. இருந்தால், புது சர்வரை ஜிமெயில் போலி ஆசாமியாகப் பார்க்கும். ஐ.பி.யில் இருந்து பெயரைத் தேடும் பிடிஆர் பதிவை ஹோஸ்ட் கம்பெனியின் பக்கத்தில்தான் வைக்க முடியும். 2024 பிப்ரவரியில் இருந்து ஜிமெயிலும் யாஹூவும் இந்த விஷயங்களில் கறாராகிவிட்டன. போதாக்குறைக்கு, உங்களுக்குக் கிடைத்த ஐ.பி.யில் முன்பு குடியிருந்தவர் ஸ்பேம் அனுப்பிப் பெயரைக் கெடுத்து வைத்திருக்கலாம். பேனல் போடும் முன்பே அந்த ஐ.பி. கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வேறு ஐ.பி. கேட்டு வாங்கிவிடுவது உத்தமம்.

தினமும் காலை 6 மணிக்கு ஸ்டாக் கணக்கு அனுப்பும் வேலை ஏதாவது சர்வரில் ஓடிக்கொண்டிருந்ததா? புது சர்வரின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். அதன் 6 மணி என்பது நமக்கு 11.30.

இரண்டு ஜன்னல்கள், ஒரு கட்டளை

2017 ஜனவரி 31 அன்று இரவு, கிட்லேப் என்ற பிரபல கம்பெனியில் ஓர் இன்ஜினீயர் இரண்டு சர்வர்களைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். துணை சர்வரில் இருந்த டேட்டாவை அழிக்க வேண்டும், கட்டளையை அடித்தார். ஓரிரு விநாடிகளில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். அழிந்துகொண்டிருந்தது துணை சர்வர் இல்லை, முதன்மை சர்வர்.

பேக்கப் இருக்கிறதே என்று தேடினால், அன்றாட பேக்கப் பல நாளாக எடுக்கப்படவே இல்லை. டேட்டாபேஸின் பதிப்புக்கும் பேக்கப் புரோகிராமின் பதிப்புக்கும் ஒத்துப்போகவில்லை. 'பேக்கப் தோல்வி' என்று சர்வர் மெயில் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. மெயிலுக்குச் சரியான கையொப்பம் இல்லாததால், அதை வாங்கும் இடத்தில் நிராகரித்துவிட்டார்கள். தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன்பு ஒருவர் எடுத்து வைத்த நகல் ஒன்றுதான் காப்பாற்றியது. அப்படியும் சுமார் 5,000 புராஜெக்ட்டுகளும் 700 புதுக் கணக்குகளும் போயின. கம்பெனி எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் பொதுவெளியில் எழுதியது. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள்.

வீடு மாறும் நாட்களில் பழைய சர்வருக்கு ஒரு ஜன்னல், புது சர்வருக்கு ஒரு ஜன்னல் என்று இரண்டும் ஒரே கறுப்பில் திறந்திருக்கும். ஒன்றின் பின்னணியை அடர் சிவப்பாக மாற்றி வைத்துக்கொள்கிறார்கள் அனுபவசாலிகள். செலவு இல்லாத இன்ஷூரன்ஸ் அது.

பேக்கப்பை எங்கே வைப்பது? 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் கம்பெனியின் டேட்டா சென்டர் தீயில் எரிந்தபோது, சில வாடிக்கையாளர்களின் சர்வரும் பேக்கப்பும் ஒரே வளாகத்தில் இருந்தன. புது பேனலில் 'தினசரி பேக்கப்' என்று டிக் செய்தால், பெரும்பாலும் அதே சர்வரின் அதே டிஸ்க்கில்தான் சேமிக்கும். வேறு கம்பெனியின் ஸ்டோரேஜுக்கோ, குறைந்தபட்சம் கடையில் உள்ள ஹார்டு டிஸ்க்குக்கோ ஒரு நகல் போகட்டும். மாதம் ஒருமுறை அதைத் திறந்து, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய ஹோஸ்ட்டின் கணக்கை, மாறிய மறுநாளே ரத்து செய்ய அவசரப்பட வேண்டாம். ஒரு மாத வாடகை கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை. அந்த மாதத்தில் பழைய மெயில் பெட்டியை வாரம் இரண்டு முறை திறந்து, வழி தவறி வந்தவை ஏதும் உண்டா என்று பார்க்கலாம். ரத்து செய்யும் அன்று செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கும். மாற்றும் அவசரத்தில் டவுன்லோடு செய்ய வசதியாக, மொத்தத் தளத்தையும் ஒரே ஜிப் ஃபைலாக்கித் தளத்தின் பொது ஃபோல்டரிலேயே போட்டிருப்பார்கள். 'பேக்கப்' என்று பெயரும் வைத்திருப்பார்கள். அந்தப் பெயரை யூகிக்கும் யாரும், வாடிக்கையாளர் முகவரி, போன் நம்பர், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் ஒரே கிளிக்கில் இறக்கிக்கொள்ள முடியும். பழைய சர்வரில் மட்டும் இல்லை, ஃபைல்களோடு சேர்ந்து புது சர்வருக்கும் அந்த ஜிப் வந்திருக்கும். இரண்டு இடத்திலும் அழித்துவிட்டு, டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் அன்றே மாற்றிவிடுங்கள்.